'இண்டெக்ஸ்' என்பதற்கு அடைவு: டைரக்டரி சர்வர் கையேட்டுக்கான சொல்

> 'சுட்டி' என்றே வைத்துவிடலாமே. சின்னச் சொல், எல்லோருக்கும் தெரிந்தது.

வணக்கம். டைரக்டரி சர்வர் என்பது ஆட்களின் பெயர், மின்னஞ்சல் போன்ற விவரங்களைத் திரட்டி வைத்து, கேட்டால் தேடித் தரும் மென்பொருள். அதன் கையேட்டில் 'இண்டெக்ஸ்' என்பதற்கு எந்தச் சொல்லை வைப்பது என்பதுதான் கேள்வி.

எல்லோருக்கும் தெரிந்திருப்பதுதான் இங்கே சிக்கல். மவுஸும் சுட்டி, சி மொழியின் பாயிண்டரும் சுட்டி, இணைய லிங்க்கும் சுட்டி. நாலாவதாக இன்னொரு பொருளை அதன் தலையில் ஏற்ற வேண்டாம். 'அட்டவணை' என்றால் டேபிள். 'குறியீடு' கோடுக்குப் போய்விட்டது, 'குறியீட்டெண்' என்றால் விலைவாசி நினைவுக்கு வருகிறது.

நான் கேட்பது 'அடைவு'. சொல்லடைவு, பொருளடைவு என்று புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நாம் புரட்டிப் பழகிய சொல். ஒரு சொல்லைக் கொடுத்தால் அது எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்வது அடைவு. சர்வரில் நடப்பதும் அதேதான்: ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அது எந்தப் பதிவில் இருக்கிறது என்று இண்டெக்ஸ் எடுத்துத் தருகிறது. அது இல்லாவிட்டால் சர்வர் எல்லாப் பதிவுகளையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு தடை உண்டு. டைரக்டரியையே 'அடைவு' என்று மொழிபெயர்த்த மென்பொருள்கள் இருக்கின்றன. அப்படியே போனால் 'அடைவுச் சேவையகத்தில் அடைவை உருவாக்கல்' என்று தலைப்பு வரும், படிப்பவர் தலையைச் சொறிவார். ஆனால் இந்த டைரக்டரி, கோப்புகளைப் போட்டுவைக்கும் ஃபோல்டர் அல்ல. டைரக்டரி சர்வரோடு பேசுவதற்கான நெறிமுறை எல்டாப் (LDAP). அதன் வேர் 1988-இல் வந்த எக்ஸ்.500 தரம். தொலைத்தொடர்பு அமைப்புகளும் சேர்ந்து உருவாக்கியது அது. தொலைபேசி டைரக்டரி மாதிரி ஆள், பெயர், எண் என்று திரட்டி வைப்பதுதான் இதன் வேலை. அதனால் இதை 'விவரத்திரட்டு' என்று சொல்லலாம். நீளம்தான், ஆனால் குழப்பாது.

அப்புறம் அடைவின் வகைகள். '389' என்ற டைரக்டரி சர்வர் மென்பொருளில் முக்கியமாக நான்கு. ஒரு பண்பு (பதிவில் உள்ள பெயர், மின்னஞ்சல் போன்ற ஒரு விவரம்) இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பது 'இருப்பு அடைவு'. முழு மதிப்பும் பொருந்த வேண்டும் என்றால் 'சமன் அடைவு'. கேட்க ஒன்றுபோல இருப்பவற்றைத் தேடுவது 'ஒலியொப்பு அடைவு'. இது ஆங்கில உச்சரிப்பை வைத்துச் செய்யப்பட்டது, தமிழில் எழுதிய பெயர்களுக்கு உதவாது என்பதைக் கையேட்டில் கட்டாயம் சொல்ல வேண்டும். நான்காவது, மதிப்பின் ஒரு துண்டை வைத்துத் தேடுவது, ஆங்கிலத்தில் 'சப்ஸ்ட்ரிங்'. இதற்குத்தான் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. பழைய செய்யுள் பதிப்புகளில் 'பாட்டு முதற்குறிப்பு அகராதி' இருக்கும். முதல் சீர் தெரிந்தால் பாட்டு கிடைத்துவிடும், நடுவில் வரும் ஒரு சொல் மட்டும் தெரிந்தால் சொல்லடைவு வேண்டும். சர்வரில் இந்த ஒரே வகை இரண்டு வேலையையும் பார்க்கிறது. மதிப்பை மூன்று மூன்று எழுத்தாக நறுக்கி, முதல், நடு, கடைசி எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறது. அதனால்தான் அது பெருத்துப் போகிறது, புதிய பதிவு எழுதும் வேகமும் குறைகிறது.

இதையெல்லாம்விட நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. 'இண்டெக்ஸ் உருவாக்குதல்' என்று ஒரே தொடராக எழுதக் கூடாது. கட்டளை வரியில் அது இரண்டு வேலை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் ஓபன்எல்டாப் என்ற இன்னொரு டைரக்டரி சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மின்னஞ்சல் தேடல் மெதுவாக இருந்தது, 'மெயில் பண்புக்கு அடைவு இல்லை' என்று சர்வரின் நிகழ்வுப் பதிவேடும் (லாக்) சொல்லிக்கொண்டே இருந்தது. அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து சர்வரை மறுபடி கிளப்பினேன். தேடல் பறந்தது. ஆனால் அதற்குப் பின் சேர்ந்தவர்கள் மட்டுமே கிடைத்தார்கள், பழையவர்கள் ஒருவர்கூட வரவில்லை! சர்வர் புதிய அடைவை நம்பித் தேடியது, பழைய பதிவுகள் அதில் ஏறவே இல்லை. சர்வரை நிறுத்தி, பழைய பதிவுகளையும் அடைவில் ஏற்றும் ஸ்லாப்இண்டெக்ஸ் கட்டளையை ஓட்டியிருக்க வேண்டும். பிறகு ஓட்டினேன், அதையும் ரூட் (கணினியின் தலைமை நிர்வாகி) பயனராக ஓட்டியதால் கோப்புகளின் உரிமை மாறி, சர்வர் எழவே இல்லை. அன்று காலை முழுவதும் யாராலும் உள்நுழைய முடியவில்லை.

389-இலும் டிஎஸ்கான்ஃப் கட்டளையின் 'ஆட்' அடைவை அறிவிக்க மட்டுமே செய்கிறது. பழைய பதிவுகள் ஏற 'ரீஇண்டெக்ஸ்' தனியாகச் சொல்ல வேண்டும், அல்லது அதே கட்டளையில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எனவே முதல் வேலைக்கு 'அடைவு அறிவித்தல்', இரண்டாவதற்கு 'அடைவாக்கம்', திரும்பச் செய்தால் 'மறு அடைவாக்கம்' என்று வைத்துக்கொள்ளலாமா? சொல் இரண்டாக இருந்தால் படிப்பவர் இரண்டாவது கட்டளையைத் தேடுவார்.

நான்காம் வகைக்கு 'உட்சரம்', 'துணைச்சரம்' இரண்டும் என் கையில் இருக்கின்றன (சரம் என்றால் எழுத்துகளின் தொடர், ஸ்ட்ரிங்). 'துணை' என்றால் உதவிக்கு வருவது என்று தொனிக்கிறது, அதனால் உட்சரம் பக்கம் சாய்கிறேன். 'துண்டு அடைவு' என்று எளிமையாக வைத்தாலும் எனக்குச் சம்மதமே. நிரலாக்கப் பாடம் நடத்துகிறவர்கள் வகுப்பில் எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.