பெரியவர்களுக்கான ஏ.டி.எச்.டி. குழுப் பயிற்சியில் சேரலாமா?

கேள்வி (மண்டபம்):
விசைப்படகுகளுக்கான ஐஸ், டீசல் கணக்கை எழுதுவது என் வேலை. ஐஸ் பார்களை எண்ணி எழுதிக்கொண்டிருக்கும்போதே கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கனைப் பற்றி எவராவது கேட்டுவிட்டால், பேனாவைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போய்விடுகிறேன். பாதியில் நின்ற அந்த வரி, பங்கு பிரிக்கும் நேரத்தில் தகராறாக வந்து நிற்கிறது. 36 வயதில், மதுரையில் உள்ள மனநல மருத்துவர் இது ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) என்று உறுதி செய்து மாத்திரை தொடங்கியிருக்கிறார். இணையவழிக் குழுப் பயிற்சி ஒன்றிலும் சேரச் சொல்கிறார். மாத்திரைக்கு மேல் அது என்ன தந்துவிடும்? என் மனைவியும் கலந்துகொள்ள முடியுமா? முன்பின் அறியாதவர்களிடம் பேசினால் ஊர் வாய்க்குப் போய்விடுமோ என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில் 1 (இராமநாதபுரம், உளவியல் ஆலோசகர்):
வணக்கம் சகோதரரே. மாத்திரை கவனத்தை நிலைநிறுத்த உதவும். ஆனால் ஒரு நாளை எப்படித் திட்டமிடுவது, பெரிய வேலையை எப்படித் துண்டு துண்டாகப் பிரிப்பது என்பதை அது கற்றுத் தராது. சிறு வயது முதல் இந்தப் பழக்கங்கள் படியாமலேயே வளர்ந்தவர்களுக்கு அவற்றை வரிசையாகச் சொல்லிக் கொடுப்பதுதான் குழுப் பயிற்சி. மனம்விட்டுப் பேசுவதோடு அது முடிந்துவிடுவதில்லை. பெரும்பாலான பயிற்சிகளில், முந்தைய வாரம் கொடுத்த வீட்டுப் பயிற்சியை ஒவ்வொருவரும் செய்து பார்த்தார்களா, எங்கே தடைப்பட்டார்கள் என்று விசாரித்த பிறகே அன்றைய பாடம் தொடங்கும்.

நியூயார்க்கில் மேரி சொலான்டோ குழுவினர் 88 பெரியவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. வாரம் ஒரு முறையாக 12 வாரங்கள் நேர மேலாண்மையும் திட்டமிடலும் கற்றவர்களுக்கு, ஆறுதலாகப் பேசும் குழுவில் இருந்தவர்களைவிடக் கவனச் சிதறல் கூடுதலாகக் குறைந்தது. அதே சமயம், ஜெர்மனியில் 433 பேரைக் கொண்டு நடந்து 2015இல் வெளியான பெரிய ஆய்வையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. அதில், அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் குழுச் சிகிச்சை, மருத்துவரின் வழக்கமான தனி ஆலோசனையை விஞ்சவில்லை. இரண்டு பிரிவுகளிலும் ஏ.டி.எச்.டி.க்கான மீதைல்ஃபெனிடேட் மாத்திரை, மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. ஆகவே, பயிற்சியில் சேர்ந்துவிட்டோம் என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மனைவியைப் பற்றிக் கேட்டது எனக்கு மிகவும் மகிழ்ச்சி. ஸ்வீடனில் உருவான பெகாசஸ் என்னும் 8 வகுப்புப் பயிற்சி, பாதிக்கப்பட்டவரும் அவருக்கு நெருக்கமான ஒருவரும் சேர்ந்து படிப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. சொன்னதை மறப்பது அலட்சியம் அல்ல என்பதை வீட்டில் உள்ளவர் கணவரின் வாயால் கேட்பதைவிட, பயிற்றுநர் விளக்கிக் கேட்கும்போது எளிதாக ஏற்றுக்கொள்கிறார் என்பதை என் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். நீங்கள் சேரவிருக்கும் வகுப்பில் அதற்கு இடம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பதில் 2 (கீழக்கரை):
நான் இத்தகைய இணையவழி வகுப்பொன்றில் படித்த ஆசிரியை. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் ஊகித்து எழுதச் சொல்லி, பிறகு கடிகாரத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். பிள்ளையின் டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் புறப்படுவதற்கு நான் எழுதிய நேரமும் உண்மையில் ஆன நேரமும் ஒட்டவே இல்லை. குறிப்பேட்டைப் பார்ப்பதையே மறந்துவிடுகிறோமே என்று பலரும் வருந்தியபோது, நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு அதைச் சேர்த்துவிடும்படி பயிற்றுநர் கூறினார். நான் அதிகாலை ஃபஜ்ர் தொழுகையோடு சேர்த்துக்கொண்டேன். தொழுகை விரிப்பை மடித்து வைக்கும் அலமாரித் தட்டிலேயே குறிப்பேடும் இருக்கிறது. என்னைப் போன்றவர்கள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள் என்று அறிந்ததில் கிடைத்த தெம்பு, அந்தப் பாடங்களுக்குச் சற்றும் குறைந்ததல்ல.

பதில் 3 (தங்கச்சிமடம்):
தம்பி, உங்கள் தயக்கம் நியாயமானது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், பெரும்பாலும் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேரைத் தீ கொண்டுபோன மாவட்டம் இது. மனநலம் என்ற பேச்சை எடுத்தாலே இங்கே பலர் ஒதுங்கிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பயத்தால் உதவியைத் தள்ளிப்போட வேண்டாம். குழுவில் பேசுவது வெளியே போகாது என்ற உறுதிமொழியை முதல் வகுப்பிலேயே வாங்குகிறார்களா, வகுப்பைப் பதிவு செய்கிறார்களா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அரசின் மனநல ஆலோசனை வேண்டுமென்றால் டெலி மனஸ் எண்ணான 14416ஐக் கட்டணமின்றி எப்போதும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் ஓய்வு கிடைக்கும் என்று முழு வகுப்பையும் அதற்குள் முடித்துவிட நினைக்காதீர்கள். கணக்குப் புத்தகம் மூடியிருக்கும்போது கற்றதை எதில் செய்து பார்ப்பீர்கள்? 8 வார வகுப்பாக இருந்தால் மே மாத நடுவில் சேருங்கள். கடைசி நான்கு வகுப்புகள் கடல் திறந்த பிறகு வரும், படகுக் கணக்கில் எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதை அந்தந்த வாரமே பயிற்றுநரிடம் கொண்டுபோகலாம்.