சீனி வரி குறைந்தபோது விலை ஏன் குறையவில்லை?

இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 2020 ஒக்டோபரில் சீனி இறக்குமதி வரியை கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக்கினார்கள். கல்முனை மொத்தக் கடையில் எனக்கு அந்த 50 ரூபா குறையவே இல்லை. 2023 நவம்பரில் திரும்ப 50 ரூபாவானதும் விலை உடனே ஏறியது. இது என்ன நியாயம்?

பதில் 1: அக்கா, வரி கட்டுவது துறைமுகத்தில், இறக்குமதியாளர். பெரிய அளவில் இறக்குபவர்கள் சிலர்தான். போட்டி இல்லாவிட்டால் குறைந்த வரி அவர்களுக்கு இலாபமாகவே நின்றுவிடும்.

பதில் 2: ஏறும்போது களஞ்சியத்தில் கிடக்கும் பழைய வரிச் சரக்கும் புது விலைக்குத்தான் போகும்.

கேட்டவர்: சரி தம்பிமார். ஆனால் தேத்தண்ணிக்கு நூறு கிராம் வாங்க வரும் அம்மா என்னைத்தானே ஏசுகிறா! வரியைக் குறைக்கிறவர்கள் கடை விலையையும் வந்து பார்க்க வேண்டும்.