பூஞ்சை பிடித்த நகத்தை வெட்டாமல் எடுக்க முடியுமா?

பாலக்கோட்டிலிருந்து கேட்கிறேன். அம்மாவுக்குக் கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரமெல்லாம் மாவாக உதிர்கிறது. தக்காளித் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிற வேலை, கால் காய்வதே இல்லை. ஆபரேஷன் என்றாலே பயப்படுகிறார்.

பதில்: வழி இருக்கு தம்பி, 40 சதவீத யூரியா களிம்பு. சுற்றித் தோலில் பிளாஸ்திரி ஒட்டி மறைத்துவிட்டு, நகத்தின் மேல் மட்டும் கனமாகப் பூசி, காற்றுப் புகாமல் கட்டி, நனையாமல் வைத்திருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் நகம் ஊறி மெத்தென்றாகும், அப்புறம் டாக்டர் சுரண்டி எடுத்துவிடுவார். வயலுக்குப் போடுகிற யூரியாவைக் கரைத்துப் பூசிவிடாதீர்கள்!

பதில்: அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கா? இருந்தால் வீட்டில் கை வைக்கவே வேண்டாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியில் தோல் டாக்டரிடம் காட்டி, பூஞ்சைதானா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சொரியாசிஸ் என்கிற தோல் நோய் வந்தாலும் நகம் இப்படி ஆகும்.

பதில்: நகம் போனால் பூஞ்சை போனதாகாது. பூஞ்சைக்கான மாத்திரை டெர்பினாஃபின் 250 மி.கி. கால் நகத்துக்கு வழக்கமாக 12 வாரம், அதுவும் ஈரலைப் பரிசோதித்துத்தான் தருவார்கள்.