புராஸ்டேட் சீழ்க்கட்டியில் வழக்கத்துக்கு மாறான கிருமி: எதைத் தேடுவது?

கேள்வி – பொது மருத்துவர், காவிரிப் படுகை
நீண்ட காலமாகச் சர்க்கரை நோயுள்ள விவசாயி ஒருவர், நடவு முடிந்த சில வாரங்களில் விடாத காய்ச்சலோடும் சிறுநீர் அடைப்போடும் வந்தார். சி.டி. ஸ்கேனில் புராஸ்டேட்டில் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பி) சீழ்க்கட்டி தெரிந்தது. வழக்கமான குடல் கிருமி ஈ. கோலையாக இருக்கும் என்று கருதிச் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் தணியவில்லை. சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனை) ‘சூடோமோனாஸ் இனம்’ என்று மட்டும் அறிக்கை வந்துள்ளது. அக்கிருமி ஜென்டாமைசின், கோலிஸ்டின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாமல், அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்குக் கட்டுப்படுகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

மறுமொழி – நுண்ணுயிரியலாளர்
ஐயா, நீங்கள் கடைசியாகச் சொன்ன அந்தச் சேர்க்கையே போதும். சூடோமோனாஸில் வழக்கமாகக் காணும் சூடோமோனாஸ் ஏருஜினோசா பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகத்தான் நடந்துகொள்ளும். மெலியாய்டோசிஸ் என்ற தொற்றுநோயை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 1911இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் இனங்கண்ட இக்கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மழைக்காலத்தில் வயலில் இறங்கும் சர்க்கரை நோயாளிகளையே அதிகம் தாக்குகிறது. கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இரு முனைகளும் அடர்ந்து ஊக்குப்போலத் தெரியும். கிருமி வளர்த்த கல்ச்சர் தட்டை இன்னும் ஓரிரு நாள் வைத்திருந்தால் காலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) சுருக்கம் விழுந்து காய்ந்திருக்கும். ஆய்வகத்துக்கு உங்கள் சந்தேகத்தை இன்றே சொல்லிவிடுங்கள். கிருமி மூச்சுவழி தொற்றக்கூடும் என்பதால், தட்டை முகர்ந்து பார்க்கும் பழைய பழக்கம் இங்கே ஆபத்தானது.

மறுமொழி – சிறுநீரகவியல் அறுவை மருத்துவர்
ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் மெலியாய்டோசிஸ் கண்ட ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் புராஸ்டேட் சீழ்க்கட்டி இருப்பதால், அங்கே வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வயிறு, இடுப்பு ஸ்கேன் எடுக்கிறார்கள். கட்டி பெரிதாக இருந்தால் மருந்தை மட்டும் நம்பாமல், ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்ட் துணையுடன் சீழை உறிஞ்சி எடுத்து, அதையும் கல்ச்சருக்கு அனுப்புங்கள். புராஸ்டேட்டை அழுத்திப் பிசைந்து மாதிரி எடுக்க முயலவே வேண்டாம். வேறு காரணங்களும் உண்டு: தோலில் கொப்புளம் இருந்தால் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியையும், கல்லீரலிலும் கட்டி இருந்தால் கிளெப்சியெல்லா கிருமியையும், நாட்பட்டு இழுத்தால் காசநோயையும் மறக்கலாகாது.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. ஆய்வகத்திடம் பேசிவிட்டேன். செஃப்ட்ரியாக்சோனை நிறுத்திவிட்டு மெரோபெனம் தொடங்குவது சரியா, எவ்வளவு காலம் கொடுப்பது?

மறுமொழி – நுண்ணுயிரியலாளர்
சரியே, செஃப்டாசிடைமும் பொருந்தும். புராஸ்டேட்டில் கட்டி இருப்பதால், கடைசியாகச் சீழ் எடுத்த நாளிலிருந்து குறைந்தது நான்கு வாரம் ஊசி மருந்து, அதன் பிறகு குறைந்தது மூன்று மாதம் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை. காய்ச்சல் நின்றதும் மாத்திரையை விட்டுவிடுபவர்களுக்கே நோய் திரும்புகிறது. இந்த மாத்திரை அவற்றை உயர்த்தக்கூடும் என்பதால், இடையிடையே இரத்தத்தில் கிரியேட்டினினையும் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் அளவு) பொட்டாசியத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.