டபிள்யூடபிள்யூஈ ரிங் கயிறு மட்டும் ஏன் ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது?

கார்த்தி_619:

ரொம்ப நாள் சந்தேகம், இங்கே யாருக்காவது தெரிந்திருக்கும் என்று கேட்கிறேன். ரெஸ்லிங் கார்டு வைத்து விளையாடி வளர்ந்த ஆள் நான். ரிங் என்றால் உலகம் முழுக்க ஒரே ரிங்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு மாதமாக நியூ ஜப்பான் என்கிற ஜப்பான் ரெஸ்லிங் கம்பெனியின் ஆட்டங்கள் பார்க்கிறேன், முதல் நாளே கண்ணில் உறுத்தியது மூலைதான். டபிள்யூடபிள்யூஈயில் ஒரு மூலைக்கு மூன்று சின்ன மெத்தை, கயிற்றுக்கு ஒன்றாக இருக்கும். இங்கே மேல் கயிற்றிலிருந்து கீழ்க் கயிறு வரை ஒரே நீள மெத்தை, பாக்சிங் ரிங் மாதிரி.

அப்புறம் கயிறு. டபிள்யூடபிள்யூஈயின் பழைய ரெஸ்லர் அல்டிமேட் வாரியர் மேல் கயிற்றைப் பிடித்து உலுக்கினால் அந்தப் பக்கமே பைத்தியம் பிடித்த மாதிரி ஆடும், ஞாபகம் இருக்கிறதா? ஜப்பானில் ஓடிப்போய் மோதினாலும் கயிறு விறைப்பாக நிற்கிற மாதிரி தெரிகிறது. என் கண்தான் ஏமாற்றுகிறதா, இல்லை உள்ளே இருப்பதே வேறா? இன்னொன்று, கமெண்ட்ரியில் டர்ன்பக்கிள் டர்ன்பக்கிள் என்கிறார்களே, அது அந்த மெத்தையா, அதற்குள்ளே இருக்கும் இரும்பா?

தோள்பட்டை:

கண் ஏமாற்றவில்லை தம்பி. டபிள்யூடபிள்யூஈ பயன்படுத்துவது நிஜக் கயிறு, அதன் மேல் டேப் சுற்றியிருப்பார்கள். மற்ற கம்பெனிகளில் பெரும்பாலும் ஒயர் ரோப், அதாவது இரும்பு வடம். அதை ரப்பர் ஹோஸுக்குள் நுழைத்து (தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவோமே, அந்த ஜாதி ஹோஸ்) மேலே டேப் சுற்றிவிடுவார்கள். டிவியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கை வைத்தால் தெரிந்துவிடும்: கயிறு அமுங்கும், வடம் அமுங்காது. ரிங் அளவும் ஒரு காரணம். டபிள்யூடபிள்யூஈ ரிங் 20 அடி, அதற்குப் போட்டியாக இருந்த பழைய டபிள்யூசிடபிள்யூ கம்பெனியின் ரிங் 18 அடி, அதிலும் வடம்தான். நீளம் கூடக்கூட நடுவில் தொய்வும் கூடும், அதனால் ஆட்டமும் கூடத் தெரியும்.

டர்ன்பக்கிள் என்பது மெத்தை இல்லை, இரும்புதான். ஈபி கம்பத்துக்கு ஸ்டே கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்களே, அதை முறுக்கேற்ற அடியில் ஒரு சாமான் இருக்கும், அதுவேதான் இது. நடுவில் ஒரு கூடு, இரண்டு பக்கமும் மரை போட்ட கம்பி, ஒன்று வலது மரை, இன்னொன்று இடது மரை. கூட்டைத் திருகினால் இரண்டு கம்பியும் ஒரே நேரத்தில் உள்ளே வரும், கயிறு இறுகும். மூலைக்கு மூன்று, மொத்தம் 12. இந்த இரும்பில் யாருக்கும் மண்டை உடையக் கூடாது என்றுதான் மேலே மெத்தை. வில்லன் மெத்தையைக் கழற்றினால் கூட்டம் கத்துவதும் அதற்காகத்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இங்கிலாந்தில் இருந்தபோது நான்கு மாதம் ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போனேன். பெரிய லட்சியம் எல்லாம் இல்லை, தொப்பை குறைந்தால் போதும் என்று போனேன். முதல் இரண்டு வாரம் கயிற்றில் ஓடுவது மட்டும்தான். ஓடி வந்து, கடைசி அடியில் திரும்பி, தோள்பட்டைக்குக் கீழே முதுகில் கயிற்றை வாங்க வேண்டும், அதே நேரம் வலது கை மேல் கயிற்றைப் பிடித்தாக வேண்டும். கயிறு அறுந்தால் வெளியே விழாமல் இருக்க அந்தக் கைதான். டிவியில் பார்த்தால் கயிறு ஆளைத் தூக்கி எறிகிற மாதிரி இருக்கும். ஒன்றும் எறியாது, நாம்தான் திரும்ப ஓட வேண்டும். எங்கள் ரிங்கில் வடம். மூன்றாம் நாள் வலது அக்குளிலிருந்து முதுகு வரை பட்டை பட்டையாக நீலம். ஒரு வாரம் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.

ரிங் கட்டுவதும் நாங்களேதான். எங்கள் மாஸ்டர் கடைசியில் ஒவ்வொரு கயிறாக உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பார், தவில்காரர் வார் இழுத்த பிறகு தட்டிப் பார்ப்பாரே, அப்படி. ஒரு நாள் அவர் வரவில்லை. ஒரு மூலையில் டர்ன்பக்கிளை நாங்கள் சரியாகத் திருகவில்லை போல. ஒரு பையன் மேல் கயிற்றில் கால் வைத்து ஏறினான், கயிறு சர்ரென்று இறங்கி அவன் தொடை இரண்டுக்கும் நடுவே வந்து நின்றது. மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பழைய_கேசட்:

வடத்தைப் பற்றிப் பேசிவிட்டு ரெஸ்லர் மிக் ஃபோலியின் காதைப் பற்றிப் பேசாமல் போகக் கூடாது. 1994 மார்ச், ஜெர்மனியில் மியூனிக், டபிள்யூசிடபிள்யூ சுற்றுப்பயணம், எதிரில் வேடர் என்கிற ரெஸ்லர். ஃபோலிக்கு ஒரு வித்தை உண்டு: தலையை மேல் கயிற்றுக்கும் நடுக் கயிற்றுக்கும் இடையே விட்டு முறுக்கிக்கொண்டு தூக்கில் தொங்குகிற மாதிரி கிடப்பார். கயிறு கொஞ்சம் தளர்ந்திருந்தால் தலையை உருவிக்கொண்டு வந்துவிடலாம். அன்று அதே நிகழ்ச்சியில் ஆடிய டூ கோல்ட் ஸ்கார்ப்பியோ, கயிறு தொளதொளவென்று இருக்கிறது என்று சொல்லப்போய், ஆட்கள் நன்றாக இறுக்கிவிட்டார்கள். அது ஃபோலிக்குத் தெரியாது. தலையை உருவியபோது வலது காது கிழிந்தது, கடைசியில் அதன் பெரும்பகுதி போய்விட்டது. அதற்குப் பிறகும் ஆட்டம் தொடர்ந்தது. காதை ரெஃபரி கையில் எடுத்துக்கொண்டு நின்றார். திரும்ப ஒட்டவைக்க முடியவில்லை.

ஆண்ட்ரே த ஜயன்ட்டும் இதே மாதிரி கயிற்றில் சிக்குவார், ஆனால் இரண்டு கையையும்தான் மாட்டிக்கொள்வார், அதுவும் டபிள்யூடபிள்யூஎஃப் (டபிள்யூடபிள்யூஈயின் பழைய பெயர்) கயிற்றில். கட்டிப்போட்ட யானை மாதிரி நிற்பார், எதிராளி இஷ்டத்துக்கு அடிப்பான். அவ்வளவு பெரிய உடம்பு நம்பும்படியாக மாட்டிக்கொள்ள கயிறு வளைந்து கொடுக்க வேண்டும்.

கார்த்தி_619:

ஐயோ, காது கதை தெரியும், கயிற்றை இறுக்கியதால் வந்தது என்று தெரியாது. அப்படியானால் எல்லோரும் நிஜக் கயிறே போட்டுவிட்டுப் போகலாமே? எதற்கு வடம்?

தோள்பட்டை:

காசும் வேலையும்தான். ஹோஸும் ஒயர் ரோப்பும் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். நிஜக் கயிறு ஈரத்துக்கு ஒரு மாதிரி, காய்ந்தால் ஒரு மாதிரி இருக்கும், இழுக்க இழுக்க நீளும், திரும்பத் திரும்ப முறுக்கேற்ற வேண்டும். டபிள்யூடபிள்யூஈக்கு லாரி லாரியாக ஆளும் சாமானும் இருக்கிறது. பள்ளிக்கூட மண்டபத்தில் இருநூறு பேருக்கு முன்னால் நிகழ்ச்சி நடத்துகிறவனுக்கு வடம்தான் சரிப்படும். இன்னொன்று, கயிற்றின் மேல் ஏறிப் பறக்கிற ஆட்டத்துக்கு விறைப்பான கயிறு எனக்குப் பிடிக்கும், கால் வைத்த இடம் வைத்தபடி நிற்கும். இது என் கருத்துதான், நிஜக் கயிற்றில் பழகியவர்கள் சண்டைக்கு வரலாம்.

பழைய_கேசட்:

சண்டைக்கு வரவில்லை, ஆனால் விறைப்பாக இருந்தால் மட்டும் ஆபத்து போய்விடாது. ஜப்பானின் எஃப்எம்டபிள்யூ கம்பெனி ரெஸ்லர் ஹயபுசா 2001 அக்டோபரில் நடுக் கயிற்றில் கால் வைத்துப் பின்னால் குட்டிக்கரணம் அடிக்கும்போது கால் வழுக்கித் தலைகீழாக இறங்கினார். கழுத்து முறிந்து உடம்பு செயலிழந்தது. அதற்கு முன் நூறு முறை செய்த வித்தைதான். அதே எஃப்எம்டபிள்யூ கம்பெனியில் 1990 ஆகஸ்ட் 4 அன்று ஒனிட்டாவும் டார்சான் கோட்டோவும் கயிற்றையே கழற்றிவிட்டு முள்கம்பி கட்டி, பட்டால் வெடிக்கிற மாதிரி செய்து மோதினார்கள். கயிறு ஆடுகிறதா இல்லையா என்ற கேள்வியே அங்கே எழாது.

ஆறுமூலை_ரசிகன்:

எல்லோரும் நாலு மூலையையே பேசுகிறீர்கள், டிஎன்ஏ என்கிற அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனியின் ரசிகன் ஒருவன் இருக்கிறேன் என்று ஞாபகப்படுத்தவே வந்தேன். 2004இல் ஆறு பக்க ரிங்குக்கு மாறினார்கள். மெக்சிகோவின் ஏஏஏ கம்பெனியிலும் அது இருந்தது. 18 டர்ன்பக்கிள்! 2010 ஜனவரியில் ரெஸ்லர் ஹல்க் ஹோகன் வந்ததும் நாலு பக்கம் ஆக்கினார்கள், அன்று அரங்கில் ‘ஆறு பக்கம் வேண்டும்’ என்று கூட்டம் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. 2014இல் ரசிகர் வாக்கெடுப்பு வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2018இல் மறுபடி நாலு.

நான் ரசிகன்தான், ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நாலு பக்க ரிங்கில் மூலை 90 டிகிரி. ஒருவனை மூலையில் தள்ளினால் இரண்டு கையும் இரண்டு பக்கக் கயிற்றில் தானாகப் போய் விழும், அவன் மாட்டிக்கொண்டான் என்று பார்த்தவுடன் தெரியும். ஆறு பக்கத்தில் மூலை 120 டிகிரி, மூலை மாதிரியே இருக்காது. திண்ணையில் சாய்ந்து நிற்கிற மாதிரி நிற்பான். பறக்கிற ஆட்டத்துக்கு மூலை நிறைய கிடைத்தது, ஆனால் மூலையில் மாட்டிவைத்து மிதிக்கிற சுகம் போய்விட்டது.

சும்மா_பார்ப்பவன்:

மெத்தையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு பழைய ரெஸ்லர் ஜார்ஜ் ஸ்டீலை விட்டுவிட்டீர்களே! டர்ன்பக்கிள் மெத்தையைப் பல்லால் கிழித்து உள்ளே இருப்பதை வாய் நிறைய அடைத்துக்கொண்டு எதிராளி முகத்தில் தேய்ப்பார். அந்த மனுஷன் மிச்சிகனில் பள்ளிக்கூட வாத்தியார் என்று தெரிந்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. நியூ ஜப்பானின் அந்த நீள மெத்தையைக் கொடுத்திருந்தால் மூன்று நாள் சாப்பாடு.

கார்த்தி_619:

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. கடைசியாக ஒன்று: ஆட்டம் நிஜக் கயிற்றில் இவ்வளவு இருக்கும்போது அண்டர்டேக்கர் எப்படி மேல் கயிற்றின் மேல் நடந்தார்? அந்த உயரத்துக்கு, அந்த எடைக்கு?

தோள்பட்டை:

எதிராளியின் கையைப் பார். அண்டர்டேக்கர் அவன் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பதாகத்தானே காட்சி? அவருக்கு அதுதான் மாடிப்படிக் கைப்பிடி. கீழே இருக்கிறவன் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு கூடவே நடந்து வர வேண்டும். அவன் கை தளர்ந்தால் மேலே இருப்பவர் கீழே.

கார்த்தி_619:

இப்போதுதான் மூன்று வீடியோ தொடர்ந்து பார்த்துவிட்டு வருகிறேன். இருபது வருடமாக அவர் காலைத்தான் பார்த்திருக்கிறேன். கீழே இருக்கிறவன் வாய் பிளந்து கத்துகிறான், கை மட்டும் கம்பம் மாதிரி நிற்கிறது அண்ணே.