தட்டணு எண்ணிக்கை சரியாக இருந்தும் ரத்தம் நிற்காதது ஏன்?

கேள்வி:
என் மகளுக்கு ஆறு வயது. பால்பல் விழுந்தபோது ஈறிலிருந்து இரண்டு நாள் ரத்தம் கசிந்தது. மூக்கில் ரத்தம் வடிந்து தலையணை உறை நனைந்த இரவுகளும் உண்டு. புத்தகப்பையின் பட்டை அழுத்திய தோளில்கூட நீலம் பாரித்துவிடுகிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 2,80,000 இருப்பதால் கவலை வேண்டாம் என்றார் முதலில் பார்த்த மருத்துவர். இப்போது பார்ப்பவரோ, குறை எண்ணிக்கையில் இல்லை, செயல்பாட்டில் இருக்கலாம், கிளான்ஸ்மான் நோயாக இருக்கக்கூடும் என்கிறார். என் கணவர் எனக்கு அத்தை மகன். இந்த நோயைப் பற்றி அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
சகோதரி, நான் ரத்தவியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். காயம் பட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒன்றையொன்று பற்றித் திரண்டு அடைப்பாக வேண்டும். அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம், ரத்தத்தில் உள்ள ஃபைப்ரினோஜன் என்ற இணைப்புப் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் அது நடக்கிறது. 1918இல் சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் எடுவர்ட் கிளான்ஸ்மான் விவரித்த இந்நோயில் அப்புரதம் இல்லாமலோ செயலற்றோ இருப்பதால், லட்சக்கணக்கில் இருந்தும் தட்டணுக்கள் சேர்வதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், சொந்தத்தில் மணம் செய்த குடும்பங்களில் இது கூடுதலாகத் தென்படுகிறது. இதில் உங்கள் தவறு எதுவுமில்லை.

தட்டணுத் திரள் பரிசோதனையில் தட்டணுக்களைத் தூண்டும் ஏடிபி (ADP), கொலாஜன் ஆகிய பொருள்களைச் சேர்த்தும் திரளாமல், ரிஸ்டோசெட்டின் என்ற பொருளுக்கு மட்டும் ஒட்டினால் சந்தேகம் வலுக்கும். தட்டணுவின் மேற்பரப்பில் அப்புரதம் உள்ளதா என்று அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனை அதை உறுதிசெய்யும். திரள் பரிசோதனையை ரத்தம் எடுத்த சுமார் நான்கு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். ஆகவே மாதிரியை வெளியூருக்கு அனுப்பாமல், அந்த வசதியுள்ள மருத்துவமனைக்குக் குழந்தையையே அழைத்துச் செல்லுங்கள்.

பதில் 2:
அம்மா, எனக்கு இந்நோய் இருப்பது பன்னிரண்டு வயதில்தான் தெரிந்தது. முதல் மாதவிடாயில் ரத்தம் நிற்காமல், ஹீமோகுளோபின் ஐந்துக்கு இறங்கியபின் மருத்துவமனையில் சேர்த்தார்கள். நோய் உறுதியானால், உங்கள் மகள் அந்த வயதை எட்டுமுன்பே மகப்பேறு மருத்துவரிடமும் ரத்தவியல் மருத்துவரிடமும் பேசிவையுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரூஃபென் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். மூக்கில் வடிந்தால் தலையை அண்ணாந்து பிடிக்காமல், முன்னே குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மருந்தை எப்போது, எவ்வளவு தருவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தட்டணு ஏற்றுவது உயிர் காக்கும் சிகிச்சைதான். ஆனால் அடிக்கடி ஏற்றினால் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, பின்னாளில் பலன் தராமல் போகலாம். அதனால் எனக்கு அவசியமானபோது மட்டுமே ஏற்றுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அவளுடைய தம்பிக்கும் பரிசோதனை தேவையா?

பதில் 1:
மகளுக்கு உறுதியானால் அவசியம் தேவை, சகோதரி. ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முடிவு தெரியும்வரை தம்பிக்குத் தசையில் ஊசி போட நேர்ந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.