ஹைட்ரஜன் நிறமாலையில் ஊதாக் கோடு தள்ளி நிற்கிறது, யாராவது சொல்லுங்களேன்

ஸ்பெக்ட்ரோமீட்டரில் கைபழகிய இயற்பியல்காரர்களுக்கு வணக்கம். ஹைட்ரஜன் குழாயின் பாமர் கோடுகளை (ஹைட்ரஜன் அணு உமிழும், கண்ணுக்குத் தெரியும் நிறக்கோடுகள்) அளந்து, அவற்றின் அலைநீளச் சூத்திரத்தில் வரும் ரிட்பெர்க் மாறிலியைக் கணக்கிடுகிறேன். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்க மில்லிமீட்டருக்கு 600 கோடுகள் கொண்ட கிரேட்டிங், வெர்னியர் மீச்சிற்றளவு (அளக்க முடிந்த மிகச் சிறிய கோணம்) 1 நிமிடம், அதாவது பாகையில் 60-இல் ஒரு பங்கு. பாதரச விளக்கின் 546.1 நானோமீட்டர் பச்சைக் கோட்டை வைத்துச் சரிபார்த்தாயிற்று.

சிவப்பு 656.3 நானோமீட்டர், நீலப்பச்சை 486.1 இரண்டும் கச்சிதமாக விழுகின்றன. வம்பு ஊதாவில்தான். 434.0-இல் வர வேண்டியது 435-ஐத் தாண்டி நிற்கிறது. பாதரசத்துக்கு 435.8-இல் ஒரு கோடு உண்டே, குழாய்க்குள் அது கலந்திருக்குமா? முதல் ஆர்டரில் (கிரேட்டிங் நடுக்கோட்டுக்கு அடுத்துத் தரும் முதல் நிறமாலையில்) 434.0, 435.8 இரண்டுக்கும் கோண வித்தியாசம் 4 நிமிடம்கூட இல்லை. ஆனால் பாதரசம் இருந்தால் அந்தப் பச்சையும் தெரியணுமே! காணோம். கிரேட்டிங் செங்குத்தாக இல்லையோ என்றால், இடம் வலம் இரண்டு பக்கக் கோணமும் ஒத்துப்போகிறது.

இன்னொன்று, சிவப்புக்கும் நீலப்பச்சைக்கும் நடுவே மங்கலாக ஏகப்பட்ட கோடுகள். அணுவாகப் பிரியாத ஹைட்ரஜன் மூலக்கூறுகளின் வேலை என்று நினைக்கிறேன். மின்னோட்டத்தைக் கூட்டினால் அவை அடங்குமா, குழாய்தான் சூடாகுமா?

அடுத்த பாமர் கோடான 410.2 என் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. தொலைநோக்கியில் செல்போன் கேமராவை வைத்து யாராவது பிடித்திருக்கிறீர்களா? எப்படி என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.